வணிகக் கப்பல் தலைவர் பெற்ற வீரப் பதக்கம்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில் நம் இல்லத்திற்கு எழுந்தருளினார். அவருடைய இளைய குமாரர் கப்பற் கல்வியில் தேறி, சரக்கேற்றிச் செல்லும் கப்பலொன்றில் கீழ்நிலை அதிகாரியாய் அமர்ந்து, இதுபோது வேற்று நாட்டுக் கடல்களில் சஞ்சரித்து வருகின்றார். குடும்ப க்ஷேமம் முதலியவற்றைப் பேசி முடித்தபின் அன்பர், "பண்டிதரே, பட்டாளத்தில் இருக்கும் பிள்ளை போரில் எதிர்த்து நின்றால் அரசாங்கத்தார் பதக்கம் சூட்டுகின்றார்கள். என் மகன் ஏறிய கப்பலைப் பகைவன் தாக்க, அவன் பின்வாங்காது நின்றால் அவனுக்கும் அப்பதக்கம் உண்டா? அவன் பட்டாளத்தான் அல்லனே!" என்று வினவினார். அவ்வினாவில் பெருமையினும் அச்சமே மிகுந்திருந்ததை உணர்ந்தோம். "உண்டு" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க நம்மால் இயலவில்லை. விடையைச் சரித்திரத்தில் தேடியவிடத்து, அஃது ஒரு ஸ்காத்லாந்து தேசத்து மாலுமியின் வரலாறாகவே நமக்குக் கிடைத்தது. அதனை நம் அன்பர் பொருட்டும், மக்களைக் கடலுக்கு அனுப்பியுள்ள ஏனைச் சங்கத்துக் குடும்பங்களின் பொருட்டும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் பதக்கத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பிரிட்டிஷ் படைவீரர்க்கு அளிக்கப்பெறும் பதக்கங்களுள் தலையாயது விக்டோரியா கிராஸ் என்பது. கிரீமியாப் போர் முடிவெய்தும் தறுவாயில், 1856 ஜனவரி 29-ல், விக்டோரியா அரசியார் அதனை நிறுவினார். அது பொன்னாலும் வெள்ளியாலும் ஆகாது வெண்கலத்தால் ஆயது. பெறுவோனுடைய பதவியையோ நெடுநாள் ஊழியத்தையோ பாராது, பகைவர் முன்னிலையில் அவன் காட்டிய வீரம் ஒன்றனையே பார்த்து அளித்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் சிறந்தது. தளகர்த்தனும் கடைநிலைச் சிப்பாயும் அதன்முன் ஒரு நிகரினர்.

ஆயினும் அச் சமநிலைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியப் படையிற் சேர்ந்த இந்தியர்க்கு அப்பதக்கம் 1911 வரையில் எட்டாததாகவே இருந்தது. படையிற் சேராதவர்க்கோ அஃது என்றும் உரித்தன்று. ஒருமுறை அவ்விதியைத் தளர்த்தினர். 1857-ஆம் ஆண்டு வடநாட்டில் எழுந்த பெருங்கிளர்ச்சியில், படையினர் அல்லாத ஆங்கிலேய உத்தியோகஸ்தர் சிலர் ஆயுதம் தாங்கிப் போர் செய்தனர். அவர்களைக் கருதி 1858 டிசம்பரில் தனி ஆணை ஒன்று பிறந்தது. லக்னோ முற்றுகையினின்று மாறுவேடம் பூண்டு வெளியேறி, மீட்க வந்த சேனைக்கு வழிகாட்டிய காவனா என்னும் எழுத்தர் அவ்வாணையாற் பதக்கம் பெற்றவர். ஆனால் அவ்வாணை அக்கிளர்ச்சி ஒன்றற்கே உரியது. எனவே 1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது, வணிகக் கப்பலின் மாலுமி எத்துணை வீரம் காட்டினும், விதியின் கண்ணுக்கு அவர் ஒரு சாதாரணக் குடிமகனே ஆவர்.

வணிகக் கப்பலுக்கும் போருக்கும் தொடர்பு யாது எனின், 'எம்டன்' என்னும் சொல்லை அறிந்த தமிழ் மக்களுக்கு அதனை விரித்துரைத்தல் வேண்டா. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைக் கரையை அணுகி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அந்த ஜெர்மன் கப்பலின் பெயர், எவர்க்கும் அடங்காத சூரனைக் குறிக்கும் சொல்லாய் நம் வழக்கில் நிலைத்துவிட்டது. எம்டன் மேற்கொண்ட தொழில் பகைவருடைய வணிகக் கப்பல்களைத் தேடிப் பிடித்து மூழ்குவித்தல். கடல் சூழ்ந்த பிரிட்டனுக்கு உணவும் மூலப்பொருளும் கப்பலிலேயே வருதல் வேண்டும்; வரத்தை நிறுத்தினால் கோட்டையைத் தாக்காமலே வென்றுவிடலாம் என்பது ஜெர்மானியர் கருத்து.

எம்டன் வெளிப்படையான போர்க்கப்பல். அதன்பின் ஜெர்மானியர் வேறோர் உபாயமும் கண்டனர். ஆப்பிரிக்காவிலுள்ள காமரூன் நாட்டினின்று வாழைப்பழம் கொணரும்பொருட்டு 1914-ல் கட்டப்பெற்ற 'புங்கோ' என்னும் கப்பலிற் பீரங்கிகளைப் பொருத்தி, அவை புறத்தே தோன்றாவாறு மறைத்து, 'மேவே' எனப் புதுப்பெயர் சூட்டிக் கடலில் விட்டனர். மேவே என்பது அவர்கள் மொழியில் ஒரு கடற்புள்ளின் பெயர். கவுண்ட் டோனா-ஷ்லோடியன் என்னும் கடற்படை அதிகாரி அதன் தலைவர். அக்கப்பல் வைத்துச் சென்ற கண்ணியில் மோதி 1916 ஜனவரி 6-ல் 'ஏழாம் எட்வர்டு மன்னர்' என்னும் பெரும் போர்க்கப்பலே மூழ்கியது. இரண்டு பயணங்களில் ஏறத்தாழ 40 கப்பல்களை அது கவர்ந்தும் அழித்தும் திரிந்தது. தொலைவிற் காண்போர்க்கு அது சரக்குக் கப்பல், அணுகியவர்க்குக் கூற்றுவன்.

இத்தகைய மேவேயை எதிர்ப்பட்டவர்தாம் நம் கதைக்குரிய தலைவர். ஆர்ச்சிபால்டு பிஸெட் ஸ்மித் என்பது அவர் பெயர். 1878 டிசம்பர் 19-ல் ஸ்காத்லாந்தின் அபெர்டீன் நகரை அடுத்த கல்ட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அபெர்டீனிலுள்ள ராபர்ட் கார்டன்ஸ் கல்லூரியிற் கற்று, கடற்றொழில் பூண்டு, நியூஸிலாந்து ஷிப்பிங் கம்பெனியாரின் 'ஓட்டாக்கி' என்னும் கப்பலுக்குத் தலைவராய் உயர்ந்தார். அக்கப்பலின் பின்புறத்தில் தற்காப்பின் பொருட்டு 4.7 அங்குலப் பீரங்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மேவேயிலோ 5.9 அங்குலப் பீரங்கிகள் 4, 4.1 அங்குலப் பீரங்கி 1, சிறு பீரங்கிகள் 2, டார்ப்பீடோ எய்யும் குழல்கள் 2 இருந்தன.

1917 மார்ச் 10-ஆம் நாள். ஓட்டாக்கி லண்டனினின்று நியூயார்க்கு நோக்கிச் செல்லும் வழியில், அசோர்ஸ் தீவுகட்குக் கிழக்கே அட்லாண்டிக் மாகடலில் மேவே அதனைக் கண்டு தொடர்ந்தது. நெருங்கியதும் நிற்குமாறு ஆணையிட்டது. நின்றிருப்பின் ஸ்மித்தும் அவர் மாலுமிகளும் சிறைப்பட்டு உயிர் பிழைத்திருக்கலாம். ஸ்மித் நிற்க உடன்பட்டிலர். ஒற்றைப் பீரங்கியைக் கொண்டு எதிர்க்கத் துணிந்தார். 2,000 கஜத்திற்கு உட்பட்ட தொலைவில், ஏறக்குறைய 20 நிமிடம் இருதிறத்தாரும் பொருதனர். ஓட்டாக்கியின் குண்டுகள் பல குறி தவறாது பாய்ந்து மேவேயைத் துளைத்தன. அங்கு ஐவர் மாண்டனர். மூண்ட தீ மூன்று நாள் வரை அவியாது எரிந்தது. ஓட்டாக்கியும் பல குண்டுகள் பட்டு, மாலுமிகளிற் சிலரை இழந்து, தீப்பற்றி முழுவதும் சிதைந்தது. இனிப் பொருதல் இயலாது என்று கண்ட ஸ்மித், படகுகளை இறக்கி மாலுமிகளைக் காக்குமாறு ஆணையிட்டார். தாம் மட்டும் கப்பலை விட்டு நீங்கினார் அல்லர். கொடி பறந்தபடியே ஓட்டாக்கி அவரோடும் மூழ்கியது. அப்போது அவர்க்கு வயது 38. படகில் இறங்கியோரை மேவே ஏற்றுக்கொண்டு ஜெர்மனிக்குச் சிறை கொண்டு சென்றது. அப்போர் கடற்போர் வரலாற்றில் எதற்கும் தாழாத வீரம் வாய்ந்தது என்று பகைவரே பின்னர் எழுதினர்.

பகைவர் புகழ்ந்த வீரத்தைச் சொந்த நாட்டார் உடனே பதக்கமளித்துப் போற்றியிருப்பர் என்றே நேயர்கள் எண்ணுவர். ஈராண்டு கழிந்தும் பதக்கம் வந்திலது. வணிகக் கப்பலின் தலைவர் படைவீரர் அல்லர் என்னும் விதியே தடையாய் நின்றது. இவ்விடத்தில் விதியின் விநோதத்தை நோக்குமின்! வாழைப்பழக் கப்பலாயிருந்து, பீரங்கிகளை ஒளித்து, வேடம் பூண்டு வந்த மேவே, ஜெர்மன் அரசினரின் நியமனத்தால் முறையான போர்க்கப்பல். அதன் மாலுமிகள் முறையான வீரர். தன் பெயரும் தொழிலும் மறையாது சென்ற ஓட்டாக்கியின் தலைவரோ போர்க்கு அதிகாரமற்ற குடிமகன். இருவரையும் பிரித்தது ஒரு நியமனக் காகிதமே.

அக்காகிதம் இல்லாமை பெருமையை மட்டும் பறிப்பதன்று. உயிரையே பறிக்க வல்லது. இதற்குச் சான்று காப்டன் சார்லஸ் பிரையட் என்பாரது முடிவு. அவர் இங்கிலாந்தினின்று ஹாலந்துக்குச் செல்லும் 'பிரஸ்ஸல்ஸ்' என்னும் ரயில்வே கம்பெனிக் கப்பலின் தலைவர். 1915 மார்ச் 28-ல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று அவரை மறித்தது. அவர் நில்லாது, தம் கப்பலை அதன்மேலேயே செலுத்தினார்; நீர்மூழ்கி விரைந்து ஆழ்ந்து தப்பியது. அச்செயலைப் பாராட்டிக் கடற்படை மேலிடத்தார் அவர்க்குப் பெயரும் நாளும் செயலும் பொறித்த பொற்கடிகாரம் ஒன்றை அளித்தனர். அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் பிரஸ்ஸல்ஸ் கப்பல் ஜெர்மானியர் கையிற் சிக்கியது. பிரையட் அணிந்திருந்த கடிகாரத்தின் எழுத்துக்களே அவர்க்கு எதிரான சான்றாயின. படையிற் சேராதவன் போர்த்தொழில் செய்தான் என்னும் குற்றம் சாட்டி, பெல்ஜியத்து பிரூஜஸ் நகரில் 1916 ஜூலை 27-ல் விசாரித்து, அன்று மாலையே சுட்டுக் கொன்றனர். வீரத்திற்கு அளித்த பரிசே வீரனுக்குக் கொலைக்கருவி ஆயிற்று.

பிரையட்டின் முடிவை அறிந்தபின், ஸ்மித்தின் பதக்கம் தாழ்த்தமை நமக்கு ஒருவாறு விளங்குகின்றது. அவருடைய மாலுமிகள் ஜெர்மனியிற் சிறைப்பட்டிருக்கையில், அவர்தம் போர்ச்செயலை அரசாங்க கெஜட்டில் விரித்துரைப்பது, பொற்கடிகாரத்தை மீண்டும் பகைவர் கையில் கொடுப்பதனோடு ஒக்கும் அன்றோ?

1918 நவம்பரிற் போர் ஓய்ந்தது. அதன்பின் விதிக்கும் நன்றிக்கும் இடையே ஒரு வழி கண்டனர். இறந்துபட்ட ஸ்மித்தை ராயல் நேவல் ரிஸர்வ் என்னும் துணைக் கடற்படையிற் தற்காலிக லெப்டினன்டாக நியமித்தனர். நியமனம் பெற்றவர் படைவீரர் ஆனார். படைவீரர் ஆனமையின் பதக்கத்திற்கு உரியர் ஆனார். 1919 மே 24-ஆம் நாளைய லண்டன் கெஜட்டில் அவர்க்கு விக்டோரியா கிராஸ் அளிக்கப்பட்டதாக அறிவிப்பு வெளிவந்தது. நீரினுள் மறைந்து ஈராண்டு கடந்த ஒருவர்க்குப் பதவி நியமனம் அளித்ததை நகைப்போரும் உளர். நாம் நகைக்கின்றோம் அல்லேம். நேர்வழி அடைபட்டிருந்தபோது, அவரை வெளியில் நிறுத்தாது பக்க வாயிலையேனும் திறந்தமை நன்றே.

அதே கெஜட்டில் மற்றொருவர் பெயரும் இருந்தது. அவர் காப்டன் பிரெட்ரிக் பார்ஸ்லோ. 900-க்கு மேற்பட்ட குதிரைகளை ஏற்றிக் கனடாவினின்று இங்கிலாந்துக்கு வந்த 'ஆங்கிலோ-கலிபோர்னியன்' என்னும் கப்பலின் தலைவர். 1915 ஜூலை 4-ல், அயர்லாந்தின் தென்கடலில், நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதனைத் துரத்திச் சுட்டது. அக்கப்பலில் ஒரு பீரங்கியும் இல்லை. கம்பியில்லாத் தந்தியால் உதவி வேண்டிக்கொண்டே, கப்பலை இங்குமங்கும் திருப்பிக் குண்டுகளைத் தவிர்த்து வந்தார். மேற்றளத்தில் நின்றபடியே குண்டுபட்டு இறந்தார். அவர் மகனார் அதே கப்பலில் அதிகாரி. தந்தை வீழ்ந்த இடத்திலேயே அவர் சுக்கானைக் கைக்கொண்டு, போர்க்கப்பல்கள் துணைக்கு வருங்காறும் கப்பலைச் செலுத்திக் கரை சேர்த்தார். மகனார்க்கு டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் என்னும் பதக்கம் கிடைத்தது. தந்தையார்க்கு நான்கு ஆண்டு கழித்து, ஸ்மித்துக்குப் போலவே லெப்டினன்ட் நியமனமும் விக்டோரியா கிராஸும் வந்தன.

ஈண்டு ஒரு தடை எழலாம். 'குடிகள் வேறு, படைவீரர் வேறு என்னும் வரம்பு நல்லோர் வகுத்தது. அவ்வரம்பு உள்ளவரையில்தான் ஆயுதமற்றோரைக் கொல்லாது விடுதல் போர் செய்வோர்க்குக் கடமையாகும். குடிகளும் எதிர்த்துப் போரிட்டால் அவ்வேலி சிதையுமே!' என்பது அத்தடை. நியாயமான தடையே. வேலி வேண்டும் என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயின் 1917 பிப்ரவரி முதல் நாள் தொட்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை முன்னறிவிப்பின்றியே மூழ்குவிக்கத் தொடங்கின. ஸ்மித் பொருதது அதற்கு ஆறாம் வாரத்தில். வேலியைப் புறத்தார் பிரித்தெறிந்தபின், உள்ளே இருந்தவன் தடி எடுத்தமையைக் குற்றமெனல் முறையன்று. அவன் தடி எடுத்தமைக்குப் புகழ் தாராமையும் முறையன்று.

ஆங்கில அரசினரும் இதனை உணர்ந்தனர். 1920 மே 22-ல் விக்டோரியா கிராஸின் விதிகளைத் திருத்தினர். அதன்படி வணிகக் கப்பல் மாலுமியரும், படையினரின் ஆணைக்கு உட்பட்டுத் தொண்டு செய்யும் ஆண் பெண் இருபாற் குடிகளும் அதற்கு உரியராயினர். ஸ்மித்துக்கும் பார்ஸ்லோவுக்கும் பக்க வாயில். பின் வந்தோர்க்குத் தலைவாயில். வணிக மாலுமிகளின் தொகுதிக்கு 'மெர்ச்சென்ட் நேவி', அதாவது வணிகக் கடற்படை, என்னும் சிறப்புப் பெயரும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் வழங்கப்பெற்றது. லண்டன் டவர் ஹில் என்னுமிடத்தில், கடலையன்றிப் புதைகுழி இல்லாத அம்மாலுமிகட்கு 1928-ல் ஒரு நினைவு மண்டபம் திறந்தனர். அதிற் பொறித்த முதற்போர்ப் பெயர்கள் ஏறக்குறைய 12,000. ஸ்மித் என்பாரது பெயரும் ஆங்குளது.

இவற்றைப் படிக்குங்கால் நம் முன்னோர் நட்ட நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, திருடரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாய்க்கு எவரும் நியமனக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திலர். அது நின்ற நிலையையே கண்டு கல்லில் எழுதினர்.

இன்னும் ஒன்று சொல்லாது விடுதல் நீதியன்று. முதற்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் உழைத்த இந்திய மாலுமிகள் சுமார் 50,000 பேர். 'லஷ்கர்' என்று அவர்களை அழைத்தனர். கப்பலின் அடித்தளத்தில் கரி தள்ளியும் நெருப்பு வளர்த்தும் நின்ற அவர்களைத்தான் டார்ப்பீடோ முதலிற் கொன்றது. கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் 1924-ல் எழுப்பிய தூண், வங்காளம், அஸ்ஸாம் முதலிய பகுதிகளினின்று சென்று மீளாத 896 லஷ்கர்களின் நினைவாய் நிற்கின்றது. பம்பாயிலும் மாலுமிகட்கு நினைவிடம் உண்டு. ஸ்மித்துக்கு ஈராண்டு தாழ்த்தேனும் நியமனமும் பதக்கமும் கெஜட்டில் பெயரும் வந்தன. லஷ்கர்கட்குப் பெரும்பாலும் தொகையே எஞ்சியது. புகழ் சென்று சேரும் வழிகள் எத்துணை குறுகியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நாம் பள்ளியாசிரியர் ஆதலின், இவ்வரலாற்றின் முடிவிலுள்ள ஒரு செய்தி நமக்குப் பெரிதும் உவப்பளித்தது. ஸ்மித்தின் குடும்பத்தார் 1930-களில் அவர் கற்ற அபெர்டீன் கல்லூரிக்கு 'ஓட்டாக்கிக் கேடயம்' என ஒன்றை வழங்கினர். ஒழுக்கத்திலும் தலைமையிலும் விளையாட்டிலும் சிறந்த மாணாக்கர் ஒருவர் அதற்கு உரியர் ஆவர்; கேடயத்தோடு நியூஸிலாந்து நாட்டைக் கண்டு வரும் பயணமும் அவர்க்கு வாய்க்கும். வெண்கலப் பதக்கம் இறந்தவரின் மார்பிற் சூட்ட இயலாதது. கேடயமோ வாழும் பிள்ளையின் கையில் ஏறிக் கடல் கடந்து செல்கின்றது. இதனின் நல்ல நினைவுச்சின்னம் யாதுளது?

இனி நம் அன்பர்க்கு விடை கூறுகின்றோம். ஐயா, உண்டு. 1947 ஆகஸ்டு 15-ஐத் தொடக்க நாளாகக் கொண்டு 1950 ஜனவரி 26-ல் நம் நாட்டார் நிறுவிய பரம வீர சக்கரத்தின் விதியிலும், படையினரின் ஆணைக்கோ மேற்பார்வைக்கோ உட்பட்டு நிலையாகவேனும் தற்காலிகமாகவேனும் தொண்டு செய்யும் ஆண் பெண் குடிகள் உரியர் எனக் கூறப்பட்டுளது. அவ்வாயில் திறந்தது எவ்வளவு விலைக்கு என்பதை மேலே கண்டீர். ஆனால் தங்கள் குமாரர்க்கு அது வாய்க்க வேண்டுமென நாம் வேண்டுகிலேம். புயலினூடும் இருளினூடும் சரக்கை உரிய துறையில் இறக்கி, உடன் வந்தோர் அனைவரையும் கரை சேர்த்து, அவர் தம் அன்னையார் கண்முன் நலமே வந்து நிற்றல் வேண்டும் என்பதே நம் வேண்டுதல். ஒருகால் இடர் வந்துறுமாயின், படகுகளில் முதலில் ஏற வேண்டியவர் பிறர், கடைசியில் நீங்க வேண்டியவர் தாம் என்பதனை அவர் மறவாதிருப்பின் அமையும். ஸ்மித் என்னும் மாலுமி அந்நாளில் நினைத்தது அதுவேயன்றிப் பதக்கம் அன்று.